சூரியன் என்பது யாருடைய பெயர்?

நான் "ஓம்" என்று சொன்னபோதெல்லாம் நான் சாமி கும்பிடுவதாகக் ஆவடிக்குப் பக்கத்துக் கோவில்பதாகை ஊரில் நினைத்துக்கொண்டார்கள். நாங்கள் குடிவந்த முதல் வாரம் அது. வீட்டுக்கார அம்மா கன்னியம்மா படியேறி வந்து "சாப்டியா?" என்று கேட்பார். ஓம் என்பேன்; எங்கள் யாழ்ப்பாணத்தில் ஆமாம் என்பதற்கு அதுதான் சொல். "தண்ணி வந்துச்சா?" ஓம். "கொசு கடிக்குதா?" ஓம். சில நாள் கழித்து அவர் தன் கணவரிடம் சொன்னது ஜன்னல் வழியாக மேலே வந்தது. "மாடி ஊட்டுப் பொண்ணு ரொம்ப பக்தியா கீதுய்யா. கொசு கடிச்சாக்கூட ஓம்னு மந்திரம் சொல்லிகினு கீது." அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து கோயில் பிரசாதத்தில் பெரிய பங்கு எனக்கு வரத் தொடங்கியது. சுண்டல் நன்றாக இருந்ததால் நான் அவரைத் திருத்த அவசரப்படவில்லை.

யாழ்ப்பாணத்தில் இதை வாசிக்கிறவர்கள், தமிழ்நாட்டுக்குத்தானே போனாய், அங்கே என்ன பாஷைப் பிரச்சினை என்று கேட்பார்கள். அப்பாவும் அப்படித்தான் கேட்டு எழுதினார். இப்போது நான் இருக்கிற நெதர்லாந்தில் என் பேச்சு ஒருவருக்கு விளங்காவிட்டால் எனக்கு வருத்தமே இல்லை. அவர்களுக்கு அது விளங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. இரண்டு பேரும் சிரித்துவிட்டுக் கையைக் காட்டிப் பேசுவோம். ஒரே மொழிக்காரர்கள் எதிரெதிரே நின்று, ஒரே மொழியில், ஒருவரை ஒருவர் ஆச்சரியமாகப் பார்ப்பதுதான் புலம்பெயர்வில் முதல் பாடம். அந்தப் பாடத்தை நான் படித்தது ஆவடிப் பக்கத்தில்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்மாவும் நானும் அங்கே வந்து சேர்ந்தோம். அப்பா வரவில்லை. அவர் தபாலதிபர். கடிதமே ஒழுங்காக வராத ஊருக்குத் தபாலதிபர் எதற்கு என்று அம்மா கேட்டுப் பார்த்தார். வந்தால் வாங்கிவைக்க ஆள் வேண்டாமா என்று சொல்லிவிட்டு அப்பா அங்கேயே நின்றுவிட்டார். சென்னையில் அப்போது எங்கள் பேச்சைக் கேட்டவுடனே "ஊடு விட்டாச்சும்மா" என்று கதவைச் சாத்துகிற காலம். வாசலில் 'வீடு வாடகைக்கு' என்று எழுதின அட்டை ஆடிக்கொண்டிருக்கும். வீடு மட்டும் போயிருக்கும். அம்பத்தூரில் தொடங்கி ஆவடி தாண்டி, ஏரிப் பக்கமாக நடந்து நடந்து கோவில்பதாகைக்கு வந்தபோது அம்மாவின் செருப்பு அறுந்திருந்தது. கன்னியம்மா அக்கா எங்களிடம் ஊரைக் கேட்கவில்லை, பெயரைக் கேட்கவில்லை. கொல்லையில் கட்டியிருந்த இரண்டு எருமைகளைக் காட்டி, "மாட்டு வாசனை ஒத்துக்குமா?" என்று மட்டும் கேட்டார். அம்மா "ஓம்" என்றார். மந்திரத்தின் முதல் உச்சாடனம் அதுதான்.

அவர்கள் பரம்பரையாக அந்த ஊர்க்காரர்கள். நெல் விளைந்த நிலமெல்லாம் மனைகளாகி, கல் நட்டு, பெயர்ப்பலகை வைத்திருந்தது. மிச்சம் இருந்தவை ஒரு மாடி வீடும் எருமைகளும். கணவர் ஏழுமலை ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். காலையில் மிதிவண்டியில் போவார், மாலையில் வந்து எருமைகளோடு பேசுவார். எங்களோடு பேசுவதைவிட அவற்றோடு அதிகம் பேசுவார்.

தொழிற்சாலைக்குக் காலையில் சங்கு ஊதும். இது எங்களுக்கு யாரும் சொல்லிவைக்காத சங்கதி. குடிவந்த மறுநாள் அது ஊதியதும் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டார். ஊரில் பெரிய சத்தம் கேட்டால் கால் தானாக ஓடும். மூளை பிறகுதான் வந்து சேரும். நாங்கள் அங்கே முழங்காலைக் கட்டிக்கொண்டு இருக்கும்போது கன்னியம்மா அக்கா பால் சொம்போடு உள்ளே வந்தார். குனிந்து பார்த்தார். "இன்னாத்த தேடிகினு கீறீங்க?" என்றார். அம்மாவுக்கு வெட்கம். "தோடு ஒண்டு விழுந்திட்டுது பிள்ளை" என்றார். அக்கா உடனே சொம்பை வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு தானும் மேசைக்கு அடியில் வந்துவிட்டார். மூன்று பெண்கள் ஒரு சின்ன மேசையின் கீழ் விழாத தோட்டைத் தேடினோம். தேடும்போதே அவர் அம்மாவின் இரண்டு காதுகளையும் பார்த்தார். இரண்டிலும் தோடு இருந்தது. எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "அது டூட்டி சங்கும்மா. அந்தாளு கெளம்பறதுக்கு ஊதறானுங்க. தெனம் ஊதும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் என்ன படிக்கிறேன் என்பது அந்த வீட்டின் அடுத்த குழப்பம். நகரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. ஆவடியில் ரயில் ஏறிப் போய்வருவேன். "இன்னா படிக்கிற சாந்தி?" என்றார் அக்கா. என் பெயர் சாந்தினி. அது நீளமாக இருக்கிறது என்று முதல் நாளே வெட்டிவிட்டார்.

"பௌதிகம் அக்கா."

"எல்லாரும் பொஸ்தகந்தான் படிக்கிறாங்கோ. நீ இன்னா பொஸ்தகம் படிக்கிற?"

இங்கே இயற்பியல் என்று சொல்ல வேண்டும் என்பது எனக்கு அடுத்த மாதம்தான் தெரிந்தது. அதற்குள் நான் ஏதோ புத்தகம் படிக்கிற பெண் என்பதாக அந்தத் தெருவில் நிலைபெற்றுவிட்டது. அது பொய்யும் இல்லை.

உண்மையில் நான் படிக்க விரும்பியது வான்பௌதிகம். அதற்குக் காரணம் மின்சாரம் இல்லாமை. ஊரில் மின்சாரம் போய் மாதக்கணக்கில் திரும்பி வராமல் இருந்தபோது, போர் எங்களுக்குத் தந்த ஒரே சலுகை இருட்டு. தென்னைகளுக்கு மேலே வானம் அப்படியே கொட்டிக் கிடந்தது. வேறு பிள்ளைகள் கொழும்புக்குப் போய் டொக்டராக வேண்டும் என்று நினைத்த வயதில், அந்த வெளிச்சங்கள் ஏன் ஒரே நிறமாக இல்லை என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அந்தக் கேள்வியை ஒரு தொழிலாகவே செய்யலாம், அதற்கு ஆராய்ச்சி என்று பெயர், அதற்குப் பட்டப்படிப்பிலேயே ஆயத்தமாக வேண்டும் என்பதெல்லாம் சென்னைக்கு வந்த பிறகு அறிந்தவை. எங்கள் கல்லூரியில் அதற்கென்று தனிப் படிப்பு இல்லை. மூன்றாம் ஆண்டில் ஒரே ஒரு விருப்பப் பாடம் இருந்தது. அதை விரும்பியவள் வகுப்பில் நான் மட்டும். அதை நடத்திய ஆசிரியை நேரடியான ஆள். "மார்க்கை எல்லாரும்தான் கொண்டுபோவாங்க. பெங்களூர்ல ஒரு ஆராய்ச்சி நிலையம் கோடைக்காலத்துக்குச் சில மாணவர்களை எடுக்கும். நீயா எதையாவது அளந்து எடுத்துட்டுப் போ. தப்பா அளந்தாலும் பரவாயில்லை, ஏன் தப்புன்னு தெரிஞ்சிருக்கணும்" என்றார்.

அளப்பதற்கு வானம் வேண்டுமே? ஆவடியில் வானம் இல்லை. தொழிற்சாலை விளக்குகள், பட்டாளத்துக் குடியிருப்பு விளக்குகள், ரயில் யார்டு விளக்குகள் எல்லாம் சேர்ந்து இரவை டிகாஷன் குறைந்த காப்பி போல ஆக்கியிருந்தன. நட்சத்திரம் நான்கைந்துக்கு மேல் தேறாது. பாதுகாப்பான ஊரில் வெளிச்சம் இருக்கும். வெளிச்சம் இருந்தால் வானம் இருக்காது. இரண்டில் ஒன்றைத்தான் எனக்குத் தருவது என்று யாரோ தீர்மானித்துவிட்டதுபோல இருந்தது. ஆசிரியைதான் ஒரு பழைய சஞ்சிகையிலிருந்து நகலெடுத்துத் தந்தார். பகலிலேயே, வெறும் கம்பியையும் சிற்றலை வானொலிப் பெட்டியையும் வைத்துச் சூரியனைக் கேட்கலாமாம். சூரியனில் கொந்தளிப்பு வரும்போது அது வானொலி அலைகளையும் வீசும். பெட்டியில் அது இரைச்சலாக வந்து விழும். அந்த வருடங்கள் சூரியன் அதிகமாகக் கொந்தளிக்கிற பருவம்.

"சூரியன் சொல்லுறதைக் கேக்க ரேடியோவோ?" என்றார் அம்மா. "அம்மா சொல்லுறதைக் கேக்க உனக்கு ரெண்டு காது இருந்தும் காணாது."

மொட்டைமாடியில் இரண்டு சவுக்குக் கம்பங்கள் நட்டு, நடுவே செம்புக் கம்பி இழுத்துக் கட்ட வேண்டும். ஏழுமலை அண்ணையிடம் தயங்கித் தயங்கி அனுமதி கேட்டேன். அன்டெனா என்ற சொல்லைக் கேட்டதும் எருமைகளிடம் மட்டும் சிரிக்கிற மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை தானே கம்பங்களைக் கொண்டுவந்து, ஏணி வைத்து, கம்பியை முறுக்கேற்றிக் கட்டினார். இவ்வளவு நல்லவரா என்று நான் நெகிழ்ந்துபோயிருந்தேன். மதியம் அவருடைய மைத்துனர்கள் மூன்று பேர் வெள்ளானூரிலிருந்து வந்து மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தபோதுதான் சந்தேகம் தட்டியது.

"எப்போ வரும்?" என்றார் ஒருவர்.

"சொல்ல ஏலாது அண்ணை. வந்தால் உண்டு."

"டாஸ் போட்டுட்டானா?"

அந்தக் காலத்தில் உயரமாக அன்டெனா கட்டினால் இலங்கைத் தொலைக்காட்சி புள்ளிபுள்ளியாகத் தெரியும், அதில் கிரிக்கெட் பார்க்கலாம் என்று சென்னையில் பலர் கட்டியிருந்தார்கள். இலங்கைப் பெண் அன்டெனா கட்டினால் வேறு எதற்கு? நான் வானொலிப் பெட்டியை வைத்து, கேபிளைச் செருகி, திருகினேன். உஸ்ஸ் என்று வந்தது. அவர்கள் மரியாதையாகக் கொஞ்ச நேரம் கேட்டார்கள். "படம் வராதா?" என்றார் இளையவர். வராது என்றேன். "கமென்ட்ரியாவது?" அதுவும் வராது. ஏழுமலை அண்ணை கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாயைச் சுருட்டும்போது மூத்தவர், "மாமே, உன் அன்டெனாவுல தோசை சுடற சத்தம் நல்லா கேக்குது" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

கன்னியம்மா அக்காவுக்கு மட்டும் ஏமாற்றம் இல்லை. அவர் மறுநாளே என் செம்புக் கம்பியில் சேலை காயப்போட்டார். இழுத்துக் கட்டின கம்பி, நல்ல வெயில், கொடிக்கு வேறு என்ன வேண்டும்? கல்லூரியிலிருந்து வந்து பார்த்தால் என் ஆராய்ச்சிக் கருவியில் ஒரு வெங்காயக் கலர்ச் சேலை, இரண்டு பாவாடை, ஏழுமலை அண்ணையின் காக்கிச் சட்டை. எடுக்கச் சொன்னால், "சூரியனைத்தானே கேக்கற? துணியும் அதுக்குத்தான் காயுது. ரெண்டு வேலையும் ஆவட்டும்" என்றார். இந்த வாதத்துக்கு இன்றுவரை எனக்கு மறுப்புத் தெரியாது.

சில வாரங்கள் இப்படிப் போயின. கல்லூரி விடுமுறை நாட்களிலெல்லாம் தலையில் துண்டு போட்டுக்கொண்டு, காதில் கருவியை மாட்டிக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருப்பேன். சுற்றிலும் என்ன இருக்கிறது என்பதை மறந்திருந்தேன். ஒருபக்கம் முள்கம்பி வேலி, மறுபக்கம் பட்டாளம், நடுவே மாடியில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கம்பியைப் பார்த்தபடி ஓர் இலங்கைப் பெண். அக்கம்பக்கத்தில் யாருக்கோ அது சரியாகப் படவில்லை. அவர்களையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு புதன்கிழமை காலை கான்ஸ்டபிள் ஒருவர் வந்து, எஸ்.ஐ. கூப்பிடுகிறார் என்று என்னையும், தொழிற்சாலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஏழுமலை அண்ணையையும் அழைத்துப் போனார்.

எஸ்.ஐ. இளவயதுக்காரர். குரலை உயர்த்தவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"யார் வீட்டு மாடிம்மா அது?"

"வீட்டுக்காரரின்ர, சேர்."

அவர் ஏழுமலை அண்ணையைப் பார்த்தார். நரைத்த மீசை. என்னைப் பார்த்தார். "இவரா உன் வீட்டுக்காரர்?"

"ஓம்."

ஏழுமலை அண்ணை நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "ஐயய்யோ சார்! எம் பொண்டாட்டி ஊட்ல கீது சார்! இது மாடியில வாடகைக்கு கீற பொண்ணு சார்! அது ஊருல ஹவுஸ் ஓனருக்கு அப்டி சொல்லுவாங்க போல சார்!"

எனக்கு அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பது விளங்கியது. கான்ஸ்டபிள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. எஸ்.ஐ. சிரிக்கவில்லை.

"மாடியில வயர் கட்டி யாருக்கு மெசேஜ் அனுப்புற?"

"அனுப்பேல்லை சேர். வாங்கிறது மட்டும்தான்."

"யார்கிட்டருந்து?"

"சூரியனிட்ட இருந்து."

எஸ்.ஐ. பேனாவை மூடி வைத்தார். "சூரியன்ங்கிறது யாருடைய பேரு? உங்க ஊரு ஆளா, இங்க இருக்கிற ஆளா?" பிறகு தாழ்ந்த குரலில், "இல்ல, கட்சி சம்பந்தமா?"

நான் ஜன்னலைக் காட்டினேன். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "அதுதான் சேர்."

ஜன்னலுக்கு வெளியே ஒரு டீக்கடை இருந்தது. எஸ்.ஐ. அந்தக் கடைக்காரரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது, இப்போது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படி அழைத்துப்போகப்பட்ட எங்கள் ஊர்க்காரர் சிலர் காவல் போட்ட முகாம்களுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். நாளை மதியம் தானே வந்து கம்பியைப் பார்ப்பதாகவும், அதுவரை ஒன்றையும் கழற்றக் கூடாது என்றும் சொல்லி எஸ்.ஐ. எங்களை அனுப்பினார். வீட்டுக்கு வந்தால் அம்மா பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்திருந்தார். உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். பெட்டி கட்டுவதில் அவருக்கு நல்ல பயிற்சி.

மாலையில் ஏழுமலை அண்ணை மேலே வந்தார். அவர் எங்கள் வீட்டுக்குள் வந்தது அதுவே முதல் தடவை. அன்று தொழிற்சாலையிலும் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். பாதுகாப்புத் துறையில் வேலை செய்கிறவன் மாடியில் இதென்ன என்று. அவருக்கு வேலை போனால் மிச்சம் இருப்பது எருமைகள்தான். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சாந்தி, நெஜமா சூரியன்தானா?"

"சூரியன்தான் அண்ணை. சத்தியமா."

அவர் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். "எனக்கு ஒண்ணும் பிரியல. கிரிக்கெட்டும் வரல, பாட்டும் வரல, அதுல இன்னாத்த கேக்கறேன்னு தெரியல. ஆனா நீ புளுகற பொண்ணு இல்ல. கிரிக்கெட் வரும்னு சொல்லி என்னாண்ட கம்பம் வாங்கியிருக்கலாம். நீ சொல்லல, நானாதான் நெனச்சிகினேன்." வாசல்வரை போய்த் திரும்பி அம்மாவிடம் சொன்னார்: "பொட்டிய எறக்கி வெய்யிம்மா. இப்ப போனா தப்பு பண்ணிட்டு ஓடறாங்கன்னு ஆயிடும். உங்களுக்கும் கெட்டது, எனக்கும் கெட்டது."

அம்மா பெட்டியைக் கீழே வைத்தார். ஆனால் பூட்டைக் கழற்றவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில் எஸ்.ஐ.யும் கான்ஸ்டபிளும் மாடிக்கு வந்தார்கள். அன்றைக்குச் சூரியன் எனக்கு உதவி செய்யும் என்று நம்பியிருந்தேன். வானொலியைத் திருகினேன். உஸ்ஸ். வெறும் உஸ்ஸ். காத்திருந்தோம். எஸ்.ஐ.யின் தொப்பிக்குள்ளிருந்து வியர்வை ஓடியது. "இது எங்க வயர்லெஸ்லயும்தான் வருது" என்றார். இன்னும் கொஞ்சம் பொறுங்கள் சேர் என்றேன். பொறுத்தார். கோடிக்கணக்கான வருடங்களாக எரிந்துகொண்டிருக்கிற அந்த நெருப்பு, அந்த ஒரு மதியம் மட்டும் சாதுவாக இருந்தது. கழற்றச் சொல்லப்போகிறார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

அந்த நேரத்தில் கன்னியம்மா அக்கா ஈரத் துணிக் கூடையோடு மேலே வந்தார். வந்தவர் எங்கள் யாரையும் பார்க்காமல், பழக்கத்தின்படி சேலையை உதறி என் அன்டெனாவில் போட்டார். சேலையிலிருந்து தெறித்த தண்ணீர் எஸ்.ஐ.யின் சட்டையில் விழுந்தது.

"என்னம்மா பண்ற?"

"துணி காயப்போடறேன் சார். இன்னா, கொடியில துணி காயப்போடக்கூடாதுன்னு எதுனா சட்டம் வந்துகீதா?"

"இது கொடியா?"

"பின்ன? நான் தெனம் இதுலதான் காயப்போடறேன். தெருவுல யாரை வேணா கேளு சார்."

எஸ்.ஐ. சேலையைப் பார்த்தார். கூடையிலிருந்த பாவாடைகளைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். ஒரு மனிதர் நிம்மதி அடைவதை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. சூரியனிடமிருந்து செய்தி வாங்குவதாக மேலிடத்துக்கு எழுதினால் அவரைத்தான் விசாரிப்பார்கள். கொடி என்றால் எழுதலாம். "துணி காயப்போடும் கம்பின்னு எழுதிக்கோ" என்றார் கான்ஸ்டபிளிடம். பிறகு ஏழுமலை அண்ணையைப் பார்த்து, கொஞ்சம் கண்டிப்பாக, "நான் எப்போ வந்து பார்த்தாலும் இதுல துணி இருக்கணும்" என்றார். இறங்கும்போது என்னிடம் மட்டும், "சத்தம் வந்தா வந்து சொல்லும்மா" என்றார்.

அரசாங்க உத்தரவை அக்கா தலைமேல் ஏற்றார். அன்றிலிருந்து என் கம்பியில் துணி இல்லாத நாள் இல்லை. துவைத்தது போதாவிட்டால் காய்ந்ததையே நனைத்துப் போட்டார். ஈரத் துணி தொங்கினால் அன்டெனாவின் குணம் மாறும். அது எனக்குப் புதிய தலைவலி. வேறு வழியில்லாமல், ஈரச் சேலை நாள், காய்ந்த சேலை நாள், வெறும் பாவாடை நாள் என்று பிரித்து இரைச்சல் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கத் தொடங்கினேன். நைலக்ஸ் சேலைக்கும் பருத்திச் சேலைக்கும் உள்ள வித்தியாசம் பற்றி அந்த வயதில் என் அளவுக்கு யோசித்த பௌதிக மாணவி வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள்.

அது வந்தது, பரீட்சை முடிந்த ஒரு நாள். பதினொரு மணி வெயில். அக்கா மாடியின் ஒரு மூலையில் பழைய வேட்டி விரித்துக் கூழ் வடாம் பிழிந்துகொண்டிருந்தார். காதுக் கருவி பழுதாகிவிட்டதால் பெட்டியைச் சத்தமாக வைத்திருந்தேன். உஸ்ஸ் என்று எப்போதும்போல ஓடிக்கொண்டிருந்த சத்தம் மெல்ல உயர்ந்தது. தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல் தொடங்கி, பெருமழையாகி, அலை அலையாக ஏறி இறங்கியது. நான் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் அக்கா எழுந்துவிட்டார். "மழடீ!" என்று கத்திக்கொண்டு வடாம் வேட்டியை நான்கு மூலையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினார். கொடியிலிருந்த சேலைகளை ஒரே இழுப்பில் உருவித் தோளில் போட்டுக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினார். பாதிப் படியில் நின்று மேலே பார்த்தார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. வெயில் கண்ணைக் குத்தியது. பெட்டியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

மெதுவாகத் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் இன்னும் சேலைகள். "இதுவா?" என்றார்.

"ஓம் அக்கா. இதுதான்."

அண்ணாந்து, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். "இவ்ளோ சத்தம் போட்டுகினுதான் எரியுதா அது?" சத்தம் அடங்கிய பிறகு, "வடாம் பூரா ஒட்டிகிச்சி" என்றார். அந்த வருடம் அவர் வீட்டில் பொரித்த வடாம் எல்லாம் கட்டிகட்டியாக இருந்தது. வந்தவர்களிடமெல்லாம், சூரியன் கத்தினதால இப்டி ஆயிடுச்சி என்று விளக்கம் சொன்னார். ஏழுமலை அண்ணை கான்ஸ்டபிளைத் தேடிப் போய்ச் செய்தி சொன்னார். எஸ்.ஐ. மாற்றலாகிப் போய்விட்டாராம். அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு குறை.

பெங்களூரில் நேர்முகத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். சூரியனின் கொந்தளிப்பைப் பற்றிக் கேட்பார்கள் என்று ஆயத்தமாகப் போயிருந்தேன். அதை ஒரு நிமிடத்தில் தாண்டிவிட்டார்கள். அது அவர்களுக்குப் பழைய செய்தி. நடுவில் இருந்தவர் என் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "இந்த ஈரச் சேலை என்பது என்ன?" என்றார். வேறு ஏதோ தொழில்நுட்பச் சொல் என்று நினைத்தாராம். நான் முழுக் கதையையும் சொன்னேன், எஸ்.ஐ.யின் உத்தரவு வரை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அவர்களில் ஒருவர், துணியைக் கழற்றிவிட்டு அளந்ததாக எழுதியிருக்கலாமே, யாருக்குத் தெரியும் என்று கேட்டார். "துணி இருந்ததே சேர்" என்றேன். வெளிநாட்டுப் பிரஜை என்பதால் வேறு பல கையெழுத்துகள் வேண்டியிருந்தன, தாமதமாயிற்று. ஆனால் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கோடையிலிருந்து மேல்படிப்புக்கும், அங்கிருந்து நெதர்லாந்தில் ஆராய்ச்சிக்கும் வழி திறந்தது. இங்கே தட்டையான புல்வெளியில் வரிசையாக நிற்கும் பெரிய அன்டெனாக்களில் யாரும் எதையும் காயப்போடுவதில்லை. காயப்போட்டாலும் இந்த ஊர் வெயிலில் காயாது.

அம்மா என்னோடு வரவில்லை. குளிர் ஒத்துக்கொள்ளாது என்றார். கன்னியம்மா அக்காவின் மாடியிலேயே இருந்துவிட்டார். பெட்டியின் பூட்டை எப்போது கழற்றினார் என்று எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தடவை அப்பாவைப் பார்க்கக் கொழும்புக்குப் போனேன். விமான நிலையத்தில் இலங்கையர் வரிசையில் நின்றேன். அதிகாரி என் முகத்தைக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்தினார். சில நிமிடங்களில் வெளியே வந்துவிட்டேன். வெளியே எனக்காக யாரும் இல்லை. அப்பாவுக்கு ஊரை விட்டு வெளிக்கிட இராணுவத்தின் அனுமதி இன்னும் கிடைத்திருக்கவில்லை. அவர் வந்து சேரும்வரை தங்குவிடுதி ஜன்னலில் இருந்து முன்பின் அறியாத ஒரு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து சென்னைக்கு வந்தேன். வெளிநாட்டவர் வரிசை நீளமாக இருந்தது. என்னை நிறுத்தி வைத்து, உள்ளே அழைத்து, மறுபடி நிறுத்தி, எங்கே தங்குவேன், எதற்கு வந்தேன், எப்போது போவேன் என்று கேட்டார்கள். எப்போது போவேன் என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கடைசியில் நாள் குறித்து முத்திரை போட்டுத் தந்தார்கள். வெளியே வந்தபோது தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். ஏழுமலை அண்ணை முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். அம்மா என்னைக் கண்டதும், "எங்க பிள்ளை நின்னுகினு இருந்தனீ இவ்வளவு நேரம்?" என்றார். பாதி ஆவடியும் பாதி யாழ்ப்பாணமுமான அந்த ஒரு வினைச்சொல்லுக்குள் பாக்கு நீரிணை முழுவதும் கிடந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

"வெளிநாட்டுக்காரர் வரிசையில அம்மா. அதுதான் சுணங்கிட்டுது."

கன்னியம்மா அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ எதுக்கு அங்க போயி நின்ன? நம்ம ஆளுங்க நிக்கிற லைனு காலியாத்தானே இருந்திருக்கும்?"

பாஸ்போர்ட்டை இன்னும் கையில் விரித்தே வைத்திருந்தேன். நான் போயாக வேண்டிய நாளைக் குறித்த முத்திரையில் மை காயவில்லை. அக்கா அந்தக் கையையே பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தார். "வா, ஊட்டுக்குப் போலாம்."